ஆஸ்திரேலியாவில் வேலையோடு சேர்த்துப் படிக்கிறவர்களுக்கு வரிக்கழிவு: எது கிடைக்கும், எது கிடைக்காது?

அரைநாள்_மாணவன்

வணக்கம். மெல்பர்னில் ஒரு மருத்துவமனைக் குழுமத்தில் ரிப்போர்ட்டிங் அனலிஸ்ட்டா இருக்கேன். படுக்கை நிலவரம், காத்திருப்பு நேரம் மாதிரி விவரங்களை டேட்டாபேஸ்ல இருந்து எடுத்து வாராவாரம் நிர்வாகத்துக்கு அறிக்கையாக் கொடுக்கணும், அதுதான் வேலை. சம்பளம் 92,000 டாலர். பகுதிநேரமா டேட்டா சயின்ஸ் மாஸ்டர்ஸ் சேர்ந்திருக்கேன். 2024–25 நிதியாண்டுல நாலு பாடம், பாடத்துக்கு 4,200 டாலர். எல்லாமே ஃபீ-ஹெல்ப் கடன்ல (ஹெல்ப்ங்கிற அரசுக் கல்விக்கடன்ல ஒரு வகை) போயிடுச்சு, என் கையிலிருந்து எதுவும் போகல.

இப்ப வரி ரிட்டர்ன் போடணும். ஏஜென்ட் "நீங்க காசே கட்டலியே, ஹெல்ப் கடனையெல்லாம் கிளைம் பண்ண முடியாது"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டார். ஆபீஸ் நண்பர் ஒருத்தர் நேர்மாறா, "படிப்புன்னு பேர் வெச்சு லேப்டாப், இன்டர்நெட், பெட்ரோல், கேன்டீன் சாப்பாடு எல்லாத்தையும் போடு"ங்கிறார். ரெண்டு பேர்ல யார் சொல்றது சரி?

கடைசி_பெஞ்ச்

ரெண்டு பேர் சொல்றதும் தப்பு. பேரேடு அண்ணா வருவார், விளக்கமாச் சொல்வார்.

பேரேடு

வந்துட்டேன். நான் பதிவு பெற்ற டாக்ஸ் ஏஜென்ட், ஆனா இங்க எழுதுறது பொதுவான விளக்கம்தான். உங்க தனிப்பட்ட கணக்குக்கு உங்க ஏஜென்ட்தான் பொறுப்பு.

முதல்ல கடன் விஷயம். உங்க ஏஜென்ட் ரெண்டு தனித்தனி சங்கதியைப் போட்டுக் குழப்பிக்கிறார். ஹெல்ப் கடனைத் திருப்பிக் கட்டுற தொகைக்குக் கழிவு கிடையாது, சரி. அரசு மானியம் பெற்ற இடத்துல, அதாவது காமன்வெல்த் சப்போர்ட்டட் பிளேஸ்ல படிச்சா அந்தக் கட்டணத்துக்கும் கழிவு கிடையாது. வருமான வரிச் சட்டம் 26-20 பிரிவு அதை நேரடியாவே தடுக்குது. ஆனா நீங்க இருக்கிறது முழுக்கட்டண இடம். ஃபீ-ஹெல்ப்ங்கிறது அந்தக் கட்டணத்தைக் கட்ட நீங்க வாங்கின கடன், அவ்வளவுதான். வங்கிக் கடன் வாங்கிக் கட்டியிருந்தா என்ன நிலையோ அதே நிலைதான். கட்டணம் உங்க செலவு, அது எந்த வருஷத்துல உங்க தலையில விழுந்ததோ அந்த வருஷக் கணக்குல வரும். பின்னால சம்பளத்துல பிடிச்சு ஏடிஓ, அதாவது ஆஸ்திரேலிய வரி அலுவலகம், கடனைக் கழிக்கும்போது அதை மறுபடி கிளைம் பண்ண முடியாது.

இதெல்லாம் ரெண்டாவது கேள்விதான். முதல் கேள்வி, இந்தப் படிப்புக்கும் நீங்க இன்னிக்குப் பார்க்கிற வேலைக்கும் என்ன சம்பந்தம்? "இன்னிக்குப் பார்க்கிற" என்பதுல அழுத்தம் கொடுத்துப் படிங்க. 8-1 பிரிவுப்படி, வருமானம் ஈட்டுறதுல உண்டான செலவுக்குத்தான் கழிவு. அதை ஏடிஓ 2024ல வெளியிட்ட டிஆர் 2024/3 என்கிற தீர்ப்புரையில விரிச்சு எழுதியிருக்காங்க. இப்ப இருக்கிற வேலைக்கான திறமையை அந்தப் படிப்பு தக்கவைக்கணும், இல்ல கூட்டணும். அப்படி இல்லேன்னா இப்ப இருக்கிற வேலையிலேயே வருமானம் கூட வழி செய்யணும். புது வேலைக்குள்ள நுழையப் படிக்கிற படிப்பு எவ்வளவு நல்ல படிப்பா இருந்தாலும் உதவாது.

உங்க நாலு பாடத்தோட பேரையும் போடுங்க.

அரைநாள்_மாணவன்

ரொம்ப நன்றி அண்ணா. பாடங்கள்: டேட்டாபேஸ் அமைப்பு, புள்ளியியல் மாடலிங், டேட்டா விஷுவலைசேஷன், நாலாவது "தொழில்முனைவும் புத்தாக்கமும்". நாலாவது எலெக்டிவ். நேரம் தோதா இருந்ததால எடுத்தேன்.

பேரேடு

முதல் மூணும் நீங்க சொன்ன வேலைக்கு அப்படியே பொருந்துது. நாலாவதை விடுங்க. படிப்பு முழுசாப் பொருந்தலைன்னா பொருந்துற பாடங்களை மட்டும் பிரிச்சு எடுக்கணும். சொந்தக் கம்பெனி ஆரம்பிக்கிறது எப்படின்னு சொல்லித் தர்ற பாடத்துக்கும் படுக்கை நிலவர அறிக்கைக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா என்கிட்ட பதில் இல்ல. உங்ககிட்டயும் இருக்காதுன்னு நினைக்கிறேன்.

ஆக 12,600. இது அப்படியே கைக்கு வராது, அதையும் சொல்லிடறேன். வரி விதிக்கிற வருமானத்துல இருந்துதான் இது குறையும். உங்க சம்பளத்துக்கு 30 சதவீத அடுக்கு, அரசு மருத்துவக் காப்பீட்டுக்கான மெடிகேர் லெவி 2 சதவீதம். 12,600க்கு 32 சதவீதம்னா 4,032 டாலர். அதுதான் உங்களுக்கு மிச்சம்.

முன்னெல்லாம் சுயகல்விச் செலவுல முதல் 250 டாலரைக் கழிக்கிற ஒரு விதி இருந்தது. 2022–23ல இருந்து அது கிடையாது. பழைய கட்டுரைகளைப் படிச்சுட்டு இன்னும் அதைக் கழிச்சுப் போடுறவங்க இருக்காங்க.

மகிழம்பூ

இடையில ஒரு கேள்வி. நான் ஆசிரியை. மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கற்பிக்கிற கிராஜுவேட் டிப்ளமா படிக்கிறேன், ஆனா காமன்வெல்த் சப்போர்ட்டட் இடம். அப்போ எனக்கு எதுவுமே இல்லையா?

பேரேடு

கட்டணத்துக்கு மட்டும்தான் தடை. படிப்பு உங்க வேலையோட பொருந்துறதால புத்தகம், ஸ்டேஷனரி, மாணவர் சேவைக் கட்டணம், வகுப்புக்குப் போன பயணம் எல்லாம் எடுக்கலாம். நிறையப் பேர் "கட்டணமே இல்லையே"ன்னு மொத்தத்தையும் விட்டுடறாங்க.

தெல்லிப்பழை_அக்கா

இதைப் பாத்திட்டு எழுதாமல் இருக்கேலாமல் போச்சு. நான் சிட்னியிலை கனகாலமாய் நேர்ஸா வேலை செய்யிறன். எங்கட ஏஜ்ட் கெயார் (முதியோர் பராமரிப்பு) இடத்திலை வேலை செய்யிற பிள்ளையளிலை முக்காவாசிப் பேர் இன்டர்நேஷனல் ஸ்டூடன்ட்ஸ். பகல்லை நேர்ஸிங் டிகிரி, இரவிலை கெயார் வேலை. வருசத்துக்கு முப்பதாயிரம் டொலருக்கு மேலை பீஸ் கட்டினம். ஜூலை பிறந்தால் போதும், ஆராவது ஒரு "டாக்ஸ் அண்ணா" வந்து, "உன்ர நேர்ஸிங் பீஸ் முழுக்க கிளைம் பண்ணித் தாறன், ரீஃபண்டிலை இத்தினை வீதம் எனக்கு" எண்டு கேப்பார். பிள்ளையளும் பாவம், நம்பிக் குடுக்குதுகள். இது சரிவருமோ எண்டு பேரேடு தம்பி ஒருக்காச் சொல்லுங்கோ. நான் சொன்னால் கேக்கமாட்டினம்.

பேரேடு

சரிவராது அக்கா. ஏடிஓ நர்ஸ்களுக்குன்னே போட்டிருக்கிற வழிகாட்டியில கொடுத்த உதாரணமே இதுதான். நர்ஸுக்கு உதவியாளரா இருக்கிறவர் ரெஜிஸ்டர்ட் நர்ஸ் ஆகப் படிச்சா கழிவு இல்லை. அது இருக்கிற வேலையை மெருகேத்துற படிப்பு இல்லை, வேற வேலைக்குக் கதவு திறக்கிற படிப்பு.

"ரீஃபண்டில் இத்தனை சதவீதம்"னு பேசுற ஆளைக் கண்டா முதல்ல டாக்ஸ் ஏஜென்ட்களைப் பதிவு செய்யிற டாக்ஸ் பிராக்டிஷனர்ஸ் போர்டு இணையதளத்துல அவர் பேரைத் தேடுங்க. பதிவு இல்லாம காசு வாங்கிட்டு ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறது சட்டவிரோதம். பின்னால கடிதம் வந்தா அது அவர் வீட்டுக்கு வராது.

இரவுப்பணி

அக்கா சொல்ற அந்தப் பிள்ளைகள்ல நானும் ஒருத்தி. இன்னும் ரிட்டர்ன் போடல, அதனால கேட்கிறேன், கோபப்படாதீங்க.

போன செமஸ்டர்ல காயப் பராமரிப்பு படிச்சேன். அடுத்த வாரமே வேலையில ஒரு பாட்டியோட குதிகால்ல தோல் சிவந்திருந்ததைப் பார்த்து, படுக்கைப்புண்ணோட முதல் நிலைன்னு எனக்குப் புரிஞ்சது. அழுத்தினா வெளுக்கல, சிவப்பாவே இருந்தது. உடனே ஆர்என்கிட்ட (ரெஜிஸ்டர்ட் நர்ஸ்) சொன்னேன். படிக்காம இருந்திருந்தா அதை வெறும் சிவப்புன்னு விட்டிருப்பேன். மறதி நோய் இருக்கிறவங்ககிட்ட எப்படிப் பேசணும், எப்படித் தூக்கி உட்கார வைக்கணும், எல்லாமே படிப்புல வருது, வேலையில உதவுது. இது என் "இன்றைய வேலைக்கான திறமை" இல்லாம வேற என்ன? ரிப்போர்ட் போடுறவருக்கு ஒரு நியாயம், பாட்டியைக் குளிப்பாட்டுறவளுக்கு ஒரு நியாயமா?

கடைசி_பெஞ்ச்

நல்ல கேள்வி. வக்கீல் வேஷம் போட்டு நான் கொஞ்சம் துணைக்கு வரேன். 1991ல ஸ்டடர்ட் வழக்கு. அவர் விமான ஃப்ளைட் இன்ஜினியர், பைலட் இல்லை. ஆனா விமானம் ஓட்டக் கத்துக்கிட்டு அந்தச் செலவை கிளைம் பண்ணினார். ஏடிஓ எதிர்த்தது, ஃபெடரல் கோர்ட் அவர் பக்கம் நின்னது. இன்ஜினியர் விமானம் ஓட்டப் படிக்கலாம்னா கெயார் ஒர்க்கர் நர்ஸிங் படிக்கக் கூடாதா?

அதுமட்டும் இல்ல, 2010ல ஆன்ஸ்டிஸ் வழக்குல ஆசிரியப் பயிற்சி மாணவி ஒருத்திக்கு ஹைகோர்ட்டே கழிவு கொடுத்திருக்கு. அவங்க அப்போ முழுநேர மாணவி!

பேரேடு

ஆன்ஸ்டிஸை முதல்ல எடுத்துக்கிறேன், அது சுலபம். அந்த மாணவி அரசோட யூத் அலவன்ஸ் வாங்கினாங்க. அந்தப் பணத்தைத் தொடர்ந்து வாங்கணும்னா படிச்சே ஆகணும், அதனால படிப்புச் செலவு அந்த வருமானத்தை ஈட்டுற செலவுன்னு கோர்ட் சொல்லுச்சு. பாராளுமன்றம் சும்மா இருக்கல. 26-19 பிரிவைச் சேர்த்து, 2011 ஜூலையில இருந்து அந்த மாதிரி அரசு உதவித்தொகைக்கு எதிரா கழிவு எடுக்கிறதை அடைச்சிட்டாங்க. இன்னிக்கு அந்த வழக்கைக் காட்டி யாரும் ஒண்ணும் வாங்க முடியாது.

ஸ்டடர்ட் அப்படி இல்லை, அது இன்னும் உயிரோட இருக்கிற வழக்கு. ஆனா அவருக்கு ஏன் கிடைச்சதுன்னு பார்க்கணும். விமானம் ஓட்டத் தெரிஞ்சது அவரை இன்னும் நல்ல ஃப்ளைட் இன்ஜினியர் ஆக்குச்சுன்னு தீர்ப்பாயம் சாட்சியங்களைப் பார்த்து முடிவுக்கு வந்தது. பைலட் ஆகலாம்ங்கிறதுக்காக யாரும் அவருக்குக் கழிவு கொடுக்கல.

இரவுப்பணி, நீங்க சொன்ன குதிகால் விஷயம் நியாயமானது. தனிமனுஷனா நான் உங்க பக்கம். ஆனா நர்ஸிங் டிகிரி எதுக்காக அமைக்கப்பட்டிருக்கு? முடிச்சதும் ஆஃப்ராங்கிற மருத்துவத் துறைப் பதிவு அமைப்புல ரெஜிஸ்டர்ட் நர்ஸா பதிவு செய்யத்தான். அந்தப் பதிவு இல்லாம அந்த வேலையைச் செய்ய முடியாது. பதிவு வந்தபிறகு கெயார் ஒர்க்கர் வேலை உங்க வேலையா இருக்கப் போறதில்ல. அதனால ஏடிஓ இதை வேற தொழிலுக்கான நுழைவுச் சீட்டாப் பார்க்குது. வழியில சில பாடங்கள் இன்னிக்கு உதவுறது, அவங்க கண்ணுக்குப் பொதுவான தொடர்புதான்.

ஹேட்செட் வழக்கையும் படிச்சுப் பாருங்க, 1971. ஆரம்பப் பள்ளி ஆசிரியர் ஒருத்தர் ரெண்டு விதமாப் படிச்சார். ஆசிரியர் உயர் சான்றிதழ் வாங்கினா சம்பளம் கூடும், அதுக்கான செலவுக்குக் கழிவு கிடைச்சது. அதே ஆள் பல்கலைக்கழகத்துல கலைப் பட்டத்துக்குக் கட்டின கட்டணத்துக்குக் கிடைக்கல. பட்டம் வாங்கின ஆசிரியர் நல்ல ஆசிரியரா இருப்பார்னு பொதுவாச் சொன்னா போதாது.

இரவுப்பணி

புரியுது அண்ணா. ஆனா ஒண்ணு சொல்றேன். ஏற்கெனவே நல்ல நாற்காலியில உட்கார்ந்திருக்கிறவங்க அதே நாற்காலியில இன்னும் வசதியா உட்காரப் படிச்சா அரசாங்கம் மூணுல ஒரு பங்கைத் தாங்கிக்குது. நின்னுட்டிருக்கிறவ உட்காரப் படிச்சா முழுச் செலவும் அவளோடது. விதி அப்படின்னா விதி அப்படித்தான், நான் பொய்க் கணக்குப் போடப் போறதில்ல. ஆனா இது நியாயம்னு மட்டும் என்கிட்ட சொல்லாதீங்க.

தெல்லிப்பழை_அக்கா

பிள்ளை, நானும் நியாயம் எண்டு சொல்லேல்லை. நான் இஞ்சை வந்து திரும்பப் பதிவு எடுக்கச் செலவழிச்ச காசுக்கும் ஒரு சதம் கிடைக்கேல்லை. முதல்தரம் பதிவு எடுக்கிறதுக்குக் கழிவு இல்லை, பிறகு வருசா வருசம் புதுப்பிக்கிறதுக்கு மட்டும் உண்டு. அதே கணக்குத்தான்.

ஆனால் உனக்கு ஒண்டுமே இல்லை எண்டு நினையாதை. டிமென்ஷியா கெயார், மனுவல் ஹான்ட்லிங் எண்டு சின்னச் சின்ன கோர்ஸ் உன்ர காசிலை செய்திருந்தால் அதுகளைக் கேள். தம்பி, சரிதானே?

பேரேடு

சரிதான் அக்கா. கெயார் ஒர்க்கர் வேலைக்காகவே, கெயார் ஒர்க்கரா இருக்கும்போதே, தன் காசுல படிச்ச குறுகிய கோர்ஸ் தாராளமா வரும். நிறுவனம் கட்டியிருந்தாலோ பின்னால திருப்பிக் கொடுத்திருந்தாலோ வராது.

பொய்க் கணக்குப் பத்தி இரவுப்பணி சொன்னதால, இதைப் படிக்கிற மத்தவங்களுக்கும் சேர்த்து எழுதறேன். முப்பதாயிரம் டாலர் கட்டணத்தை சின்ன வருமானத்துக்கு எதிராப் போட்டா, பிடிச்ச வரி மொத்தமும் திரும்பி வந்துடும். அந்த மாதிரி ரிட்டர்ன் கண்ணுக்குப் படாமப் போகும்னு நினைக்காதீங்க. ஒத்த வருமானம், ஒத்த வேலை இருக்கிறவங்களோட ஒப்பிட்டுப் பார்க்கிறது ஏடிஓவோட வழக்கம். பிடிபட்டா குறைஞ்ச வரியையும் வட்டியையும் கட்டணும். அதுக்கு மேல அபராதம்: கவனக்குறைவுன்னா குறைஞ்ச வரியில 25 சதவீதம், பொறுப்பில்லாமச் செஞ்சதுன்னா 50, தெரிஞ்சே செஞ்சதுன்னா 75. அவங்க விசாரிக்கப் போறதாச் சொல்றதுக்கு முன்னாடி நாமளே போய்ச் சொல்லிட்டா அந்த அபராதத்துல 80 சதவீதம் குறையும்.

உண்மையிலேயே எல்லைக்கோட்டுல நிக்கிற கேஸ்னா, உதாரணமா என்ரோல்ட் நர்ஸா (ஆர்என்னுக்கு ஒரு படி கீழ்) இருந்துக்கிட்டே ஆர்என் டிகிரி படிக்கிறவங்க, ஏடிஓகிட்ட பிரைவேட் ரூலிங் கேளுங்க. இலவசம். உங்க வேலை விவரம், பாடத்திட்டம் ரெண்டையும் வெச்சு எழுத்துல பதில் தருவாங்க, அவங்களும் அதுக்குக் கட்டுப்பட்டவங்க.

கடைசி_பெஞ்ச்

வக்கீல் வேஷம் கலைஞ்சது. எனக்கு ஒரே கேள்வி: பிஆருக்காக (நிரந்தர வசிப்புரிமை) எழுதின பிடிஇ ஆங்கிலப் பரீட்சைக் கட்டணம்?

பேரேடு

கிடையாது. அது உங்க விசாவுக்கு.

அரைநாள்_மாணவன்

நான் ஆரம்பிச்ச இழை எங்கேயோ போயிடுச்சு, ஆனா நிறையக் கத்துக்கிட்டேன். மிச்சம் ரெண்டு சந்தேகம். லேப்டாப் ஜனவரி 1ல வாங்கினேன், 1,900 டாலர். படிப்புக்கு ஒரு 60 சதவீதம், மிச்சம் வீட்டு உபயோகம். அப்புறம் வாரத்துல ஒரு நாள் ஆபீஸ்ல இருந்து நேரா கிளேட்டன் கேம்பஸுக்கு கார்ல போய், வகுப்பு முடிஞ்சு டார்னீட்ல இருக்கிற வீட்டுக்கு வருவேன்.

பேரேடு

300 டாலருக்கு மேல போன பொருளை ஒரே வருஷத்துல எழுத முடியாது, தேய்மானமாத்தான் எடுக்கணும். லேப்டாப்புக்கு ஏடிஓ சொல்ற ஆயுள் ரெண்டு வருஷம், அதாவது வருஷத்துக்குப் பாதி விலை, 950. ஜனவரி 1ல இருந்து ஜூன் 30 வரை 181 நாள். 950ஐ 181ஆல பெருக்கி 365ஆல வகுத்தா 471 சொச்சம். அதுல 60 சதவீதம் 282 டாலர் 66 சென்ட். அந்த 60 எங்கிருந்து வந்ததுன்னு கேட்டா காட்ட ஒரு நாலு வாரக் குறிப்பாவது வெச்சுக்கோங்க.

பயணத்துல ஒரு சின்னக் கோணல் இருக்கு. வீட்டிலிருந்து வகுப்பு, வகுப்பிலிருந்து வீடுன்னு போய் வந்தா ரெண்டு பக்கமும் எடுக்கலாம். ஆபீஸ், வகுப்பு, திரும்ப ஆபீஸ்னாலும் ரெண்டும் உண்டு. ஆனா ஆபீஸ், வகுப்பு, வீடுன்னு முக்கோணமாப் போனா முதல் பாதிக்கு மட்டும்தான். கிளேட்டன்ல இருந்து டார்னீட் வரைக்கும் நகரத்தையே குறுக்கே கடந்து வர்றீங்க, அந்த நீளமான பாதிக்கு ஒண்ணும் கிடையாது. வீட்டுக்கு வர்றது வீட்டுக்கு வர்றதுதான்னு அவங்க கணக்கு. 2024–25க்கு கிலோமீட்டருக்கு 88 சென்ட், வருஷத்துக்கு 5,000 கிலோமீட்டர் வரை. ரயில்ல போன நாளுக்கு மைக்கி பயண கார்டு கணக்கு.

கேன்டீன் சாப்பாடு கிடையாது. நண்பர்கிட்டயும் சொல்லிடுங்க. இன்டர்நெட்டும் கவனம்: வீட்டிலிருந்து வேலை செஞ்ச மணிக்கணக்குக்கு 70 சென்ட் ஃபிக்ஸட் ரேட் எடுக்கிறவரா இருந்தா, இன்டர்நெட், போன், ஸ்டேஷனரி அதுக்குள்ளேயே அடக்கம். தனியா இன்னொரு தடவை போடக் கூடாது.

மகிழம்பூ

நடுவுல வேலையை விட்டுட்டா?

பேரேடு

வேலையில இருந்தவரைக்கும் உண்டான செலவு சரி. விட்டபிறகு தொடங்கின பாடத்துக்குக் கிடையாது, புது வேலை கிடைச்சு அந்த வேலைக்கும் படிப்பு பொருந்தினா அங்கிருந்து மறுபடி கணக்கு ஆரம்பிக்கும்.

அரைநாள்_மாணவன்

ஏஜென்ட்கிட்ட ஃபீ-ஹெல்ப் விஷயத்தை எடுத்துச் சொன்னேன். டிஆர் எண்ணைக் கேட்டு வாங்கிக்கிட்டார். பல்கலைக்கழகத்தோட கட்டண இன்வாய்ஸ், பாட விவரப் பக்கம், என் வேலை விவரத் தாள் மூணையும் அனுப்பச் சொல்லியிருக்கார். மேனேஜர்கிட்ட இருந்து ஒரு ஈமெயிலும் வாங்கிட்டேன், எந்தெந்தப் பாடம் எந்தெந்த அறிக்கைக்கு உதவுதுன்னு. போன வருஷமும் ஒரு பாடம் படிச்சேன், அதை அப்ப போடவேயில்ல. இனிமே முடியுமா?

பேரேடு

முடியும். பொதுவா சம்பளக்காரங்களுக்கு அசெஸ்மென்ட் நோட்டீஸ் (வரி எவ்வளவுன்னு ஏடிஓ முடிவு சொல்ற கடிதம்) வந்ததுல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள திருத்தம் போடலாம். இந்த வருஷத்து ரிட்டர்ன்ல சேர்த்துப் போடாதீங்க, அந்த வருஷத்தையே திருத்தணும். ரசீதெல்லாம் அஞ்சு வருஷம் பத்திரமா இருக்கணும்.

இரவுப்பணி

அண்ணா, டிமென்ஷியா கோர்ஸ் ரசீது கிடைச்சது. போன அக்டோபர்ல 180 டாலர் கட்டியிருக்கேன். ஆனா என் அக்கா கார்டுல கட்டினது, பிறகு அவளுக்குக் காசு கொடுத்துட்டேன்.

பேரேடு

இன்வாய்ஸ் உங்க பேர்ல இருக்கா? அக்காவுக்கு அனுப்பின டிரான்ஸ்ஃபர் விவரத்தையும் அதோட சேர்த்து வைங்க. ஏடிஓவோட ஆன்லைன் வசதியான மைடாக்ஸ்ல நீங்களே போடறதா இருந்தா டி4 என்கிற பகுதி, சுயகல்விச் செலவு. கடைசி நாள் அக்டோபர் 31.

தெல்லிப்பழை_அக்கா

பிள்ளை, உன்ர வேலையிடத்திலை வேலை செய்யிற மற்றப் பிள்ளையளுக்கும் இந்த இழையை அனுப்பிவிடு. அந்த டாக்ஸ் அண்ணா இந்தக் கிழமையும் வந்தவராம்.